மூன்று நிமிஷம் பிந்திய விசில்

விசிலைப் பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒருவருக்கும் பிடிக்காது. வண்டிகள் வெளியே போகும் வழியில் ஒரு தகரக் கூண்டு, அதற்குள் அவர், அவர் வாயில் ஒரு விசில். பெயரே அதுவாகிப் போனது. வண்டி கிளம்ப நேரம் சொல்லும் டைம் கீப்பர் வேலை. அவர் ஊதும்வரை வண்டி நகரக்கூடாது, ஊதினபின் நிற்கக்கூடாது. கைக்குழந்தைக்காரி ஓடி வருகிறாளே என்று ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்தால், கூண்டிலிருந்து வரும் வசவைக் கேட்டு அவளே பயந்து நின்றுவிடுவாள்.

"தயவு பாக்க நான் என்ன உனக்கு மாமனாரா?" என்பார்.

உண்மையான மாப்பிள்ளைக்கும் அவர் மாமனாராக இருக்கவில்லை. மனைவி போனபின் ஒற்றை மகளைத் தனியாக வளர்த்தவர். அவளோ சொல்லாமல் கொள்ளாமல், அதே நிலையத்து மூலையில் செல்போன் பழுது பார்க்கிறவனைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த மூலைப் பக்கம் விசில் முகத்தைத் திருப்பியதில்லை. மகள் தினமும் போன் செய்தாள். எடுக்காமல் இருந்து பார்த்தார், விடாமல் அடித்தாள். கடைசியில் திரையை மேலிருந்து இழுத்து, குட்டி விமானப் படத்தை அழுத்தினார். அழைப்பு நின்றது. வேறு யார் இவரைக் கூப்பிடப் போகிறார்கள்? ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தச் செல் ஃப்ளைட் மோடிலேயே கிடந்தது. அவரோ பஸ்ஸைத் தவிர எதிலும் ஏறியதில்லை.

போன வாரம் ஒரு தகராறில் பச்சை வண்டிக் கண்டக்டர் தண்ணீர் பாட்டிலை வீச, கூண்டின் சுவர்க் கடிகாரம் சுக்குநூறானது. பஸ் முதலாளிகள் சங்கத்துச் செயலாளர் புதிது வாங்கித் தரவில்லை. "எல்லார்கிட்டயும்தான் செல்லு இருக்கே. கூண்டே எதுக்குன்னு கேக்குறாங்க" என்றார்.

விசிலுக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்றே தன் செல்லின் வெற்றுத் திரையில் விரலை அழுத்திப் பிடித்தார். திரையில் ஒட்டிவைத்துக்கொள்ளும் விட்ஜெட்டுகள் வரிசையாக வந்தன. செல்லோடு வந்த கடிகாரத்தை இழுத்துப் போட்டார். முள் வைத்த வட்டம் விழுந்தது. வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. அதை நீக்கிவிட்டு எண் கடிகாரத்தை எடுத்தார். பொடி எழுத்தாக ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. ஓரங்களைப் பிடித்துத் திரை முழுக்க நீட்டினார். சார்ஜரைச் சொருகி, எல்லோரும் பார்க்கும்படி சன்னலில் நிறுத்தினார்.

"இதான் இனிமே நேரம். கண்ணு இருக்கறவன் பாத்துக்கோ."

முதல் நாளே ரகளை. விசிலின் செல் மூன்று நிமிஷம் பிந்தியிருந்தது. அவர் ஊதிக் கிளம்பினால், அடுத்த நிறுத்தத்தில் வேறு ஊர் வண்டி வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போயிருக்கும். பச்சை வண்டிக் கண்டக்டர் தன் செல்லை நீட்டினான். "உன் செல்லு தப்பு" என்றார் விசில். பத்துப் பேர் பத்துச் செல்லை நீட்டினார்கள். "எல்லாச் செல்லும் தப்பு!"

செயலாளர் வந்தார். "நாளைக் காலையில நானே வந்து நிக்கிறேன். உங்க கடிகாரம் சரியா இருக்கணும். இல்லேன்னா கூண்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துட்டுப் போயிடுங்க."

அந்தக் கூண்டை விட்டால் போக விசிலுக்கு வேறு இடமில்லை. வீட்டில் பேச ஆளில்லை; இங்கே திட்டவாவது ஆளுண்டு. விட்ஜெட்டை நீக்கினார், போட்டார். செல்லை அணைத்து மறுபடி ஆன் செய்தார். அதே மூன்று நிமிஷம். அமைப்புகளுக்குள் போனார். நேரத்தை மாற்றும் இடம் மங்கிக் கிடந்தது, குத்தினாலும் அசையவில்லை. சாயங்காலம் கடைசியில் அந்த மூலைக் கடைக்கே போனார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனார்.

மாப்பிள்ளை நிமிரவில்லை. "என்ன ப்ராப்ளம், சார்?"

"கடிகாரம் பிந்துது."

வாங்கிப் பார்த்தான். மேலே இருந்த குட்டி விமானத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். மனைவி கையில் போனோடு உட்கார்ந்திருந்த மாதங்கள் எல்லாம் அவன் முகத்தில் ஏறின.

"விட்ஜெட்ல ஒரு கோளாறும் இல்ல, சார். செல்லு டவர்ல இருந்துதான் நேரம் வாங்கும். நீங்க கதவைச் சாத்திட்டீங்க. அது பாவம், தானா எண்ணிக்கிட்டே வந்து பிந்திடுச்சு."

"வழி என்ன, அதைச் சொல்லு."

"ஆட்டோமேட்டிக்கை எடுத்துட்டுக் கையால நேரம் வெக்கலாம். நாளைக்கு ஒப்பேத்திடலாம், நாளாக நாளாக மறுபடி பிந்தும். இல்லேன்னா விமானத்தை எடுக்கணும். எடுத்தா நேரம் வரும்." நிறுத்தினான். "கூடவே போன் காலும் வரும். எது வேணும் உங்களுக்கு?"

விசில் செல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார்.

"உங்களுக்குக் கல்நெஞ்சு, சார்" என்றான் அவன், அவர் முதுகைப் பார்த்து.

காலையில் கூண்டைச் சுற்றிக் கூட்டம். நடுவில் செயலாளர். விசில் எல்லோரையும் முறைத்துவிட்டு, வேலைக்காகத்தான், வேறு எதற்கும் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு, விமானத்தை அழுத்தினார். எண்கள் ஒரு தாவு தாவின. செயலாளர் தன் செல்லைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். "சரியா இருக்கு. உக்காருங்க" என்றார். பச்சை வண்டிக் கண்டக்டர் முகத்தில் ஈயாடவில்லை. விசில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விசிலை வாயில் வைத்தார். பச்சை வண்டிக்குத்தான் அடுத்த நேரம்.

அப்போது செல் அடித்தது. கடிகாரம் மறைந்து, திரை முழுக்க மகள் பெயர்.

வெட்டிவிட்டால் கடிகாரம் திரும்ப வரும். அவர் கட்டைவிரல் சிவப்புப் பக்கம் போய்விட்டது. எடுக்கமாட்டார் என்று தெரிந்தே ஒரு வருஷமாக இவள் அடித்திருக்கிறாள் என்ற நினைப்பு அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. விரலைப் பச்சைக்கு நகர்த்தினார்.

"என்னடி, வேலை நேரத்துல?"

 "அப்பா?" என்றாள் மகள். எடுத்தது அவர்தானா என்று நம்பாத குரல்.

"விசிலு, மணி என்ன? வண்டிய எடுக்கவா வேணாமா?" என்று கண்டக்டர் வெளியிலிருந்து கத்தினான். பின்னால் நின்ற வண்டி ஹாரனை விடாமல் அழுத்தியது. செயலாளர் சன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"எல்லார்கிட்டயும்தான் செல்லு இருக்குல்ல? பாத்து எடுத்துட்டுப் போங்கடா!" என்று கத்திவிட்டு, விசில் அவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். "நீ சொல்லு" என்றார் போனில்.

செயலாளர் கூண்டின் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கட்டும் என்று வெளியே நின்றார்.