"பூட்டினேனா, பஷீரா?"

மலாய் நாட்டில், காஜா பெராங் கடைத்தெருவில் ஷரீஃபுதீன் தன் மசாலைக் கடையைப் பூட்டுகிற நேரம் வந்துவிட்டால், எதிர்க்கடைக்காரர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். மனுஷன் பலகைகளை ஒவ்வொன்றாகச் சொருகி, இரும்புப் பட்டையை மாட்டி, ஆமைப்பூட்டில் சாவியைத் திருப்புவார். இழுத்துப் பார்ப்பார். கொஞ்ச தூரம் நடப்பார். திரும்பி வந்து இழுப்பார். தெருமுனைவரை போய்விட்டு, யாரோ துரத்துகிற மாதிரி ஓடிவந்து மறுபடியும் இழுப்பார்.

இந்தக் கூத்தை முடித்துவைக்க ஊரில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அது அவர் பெண்டாட்டி பஷீரா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கறுப்புக் குடையும் கையுமாகக் கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் வந்து நிற்பாள்.

"பூட்டினேனா, பஷீரா?"

"பூட்டிட்டீங்க மச்சான். நான் பார்த்தேன்."

"நல்லாப் பார்த்தியா?"

"ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். வாங்க லா, சோறு ஆறுது."

அவ்வளவுதான். முகம் தெளிந்து பின்னாலேயே வந்துவிடுவார். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அதே கேள்வி வரும். அதே பதிலை அவளும் சொல்வாள்.

"பாவம்டீ பஷீரா, எப்படித்தான் சமாளிக்கிறியோ!" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அவளா பாவம்? நன்றாக இருக்கிறது! அந்த உச்சுக்கொட்டலைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. மற்றப் பெண்களின் புருஷன்கள் காப்பிக்கடையிலும் சீட்டாட்டத்திலும் கிடந்தார்கள். இவள் புருஷனுக்கோ இவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழாமல் கண் மூடாது. பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் கேள்வி ஒன்றுதான் அவளுக்குச் சொத்து.

ஆனால் நோய் அத்தோடு நிற்கவில்லை. பள்ளிவாசலில் தொழுகை வரிசையிலிருந்து பாதியில் எழுந்து கடைக்கு ஓட ஆரம்பித்தார். "இது வஸ்வாஸ். சைத்தான் காதிலே சந்தேகத்தை ஊதுறான்" என்று பள்ளிவாசல் லெபை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து மலாய் மந்திரவாதி, போமோ என்பார்கள், கடைக்குள் ஏதோ ஒன்று குடியிருக்கிறது என்று சொல்லி வாசலில் எலுமிச்சம்பழம் புதைத்தார். ஓதின தண்ணீர் தீர்ந்தது, பழம் அழுகியது, பூட்டை இழுப்பது மட்டும் நிற்கவில்லை. அதில் பஷீராவுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

பிறகுதான் டாக்டர் குருவிளை வந்தார். சீமையில் படித்துவிட்டு வந்து டவுனில் புதிதாக மருந்துக்கடை வைத்திருந்த மலையாளத்து வாலிபர். நரம்பு தளர ஒரு கலவை எழுதிக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சின்ன வயசிலே எப்பவாவது பூட்டாமல் விட்டதுண்டா?" என்று கேட்டார்.

ஷரீஃபுதீன் மடை திறந்தது போலச் சொன்னார். நாகப்பட்டினத்தில் வாப்பா முதல்முதலாகக் கடையைப் பூட்டச் சொல்லிச் சாவியைக் கொடுத்தது, அன்றைக்கே திருடன் புகுந்தது, வாப்பா அடிக்காமல் திட்டாமல் பேச்சையே நிறுத்திக்கொண்டது, பேசாமலேயே கப்பல் ஏற்றிவிட்டது. சொல்லச் சொல்ல அழுதார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஷீராவுக்கும் அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவளிடம் மூச்சு விடாததை, நேற்று வந்த டாக்டரிடம் கொட்டுகிறாரே!

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க பதில் சொல்றீங்களே, அது இவருக்கு அபின் மாதிரி. அப்போதைக்கு அடங்கும், அப்புறம் இன்னும் கேட்கும். இனிமே பூட்டுற நேரத்துக்குக் கடைக்குப் போகாதீங்க. கேட்டாலும் பதில் சொல்லாதீங்க. பயத்தோடவே இருந்து பழகட்டும்."

அபினாம்! அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

ஆனாலும் கேட்டு நடந்தாள். அவர் வீட்டில் வியர்த்து விறுவிறுத்து, "ஒரு வாட்டி சொல்லு புள்ளே" என்று கெஞ்சினபோது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். போகப்போகக் கெஞ்சல் குறைந்தது. வரவர வெள்ளனவே வீட்டுக்கு வந்தார். ஒருநாள் கேட்கவே இல்லை. டாக்டர் சொன்னது பலித்துவிட்டதே என்று அவள் சந்தோஷப்படவில்லை. எப்படிப் பலித்தது என்று பார்க்கக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அஞ்சடித் தூணோரம் கனகம் பலகாரத் தட்டை மூடிக்கொண்டிருந்தாள். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியில் இருக்கிற கைம்பெண். சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசியிருப்பாள். பேச்செல்லாம் மலாய்தான். ஷரீஃபுதீன் சாவியைத் திருப்பிவிட்டு, பூட்டினேனா என்று அவளிடம் மலாயில் கேட்டார்.

"மானா தாவு லா!" என்று கனகம் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கென்ன தெரியும் என்று அர்த்தம். சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

அவரும் சிரித்தார். பஷீரா அந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை. பலகாரத் தட்டைச் சுமந்துகொண்டு கம்போங் செட்டிச் சந்துவரைக்கும் அவளோடு பேசிக்கொண்டே போனார். ஒரு தடவைகூடக் கடையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி பஷீரா சோறு போடும்போது, "யாரு அந்தக் கனகம்?" என்றாள்.

"பலகாரக்காரி. அவகிட்டே கேட்டா சிரிக்கிறா, பஷீரா. எனக்கும் சிரிப்பு வந்துடுது. பயம் எங்கே போகுதுன்னே தெரியலே."

மனுஷன் ஒளிவுமறைவு இல்லாமல்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. நான் அபின், அவள் மருந்தா? குணமாகிவிட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை? உலை வைக்கவும் துணி துவைக்கவும் ஒரு ஆள், அவ்வளவுதானே?

மறுநாள் அந்தியில் அவர் மஃரிப் தொழப் போன சமயம், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். ஆமைப்பூட்டைத் திறந்து, வாயைப் பிளந்தபடி தொங்கவிட்டாள். அவர் வருவதற்குள் சாவி ஆணிக்கு வந்துவிட்டது.

கடையில் ஒரு மிளகுகூடக் காணாமல் போகவில்லை. ஆனால் காலையில் பூட்டைப் பார்த்த ஷரீஃபுதீன் அஞ்சடியிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிர்க்கடைக்காரர்கள் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. அன்று மாலை பஷீரா ஆசை ஆசையாய்க் குடையோடு போய் நின்றாள். அவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"பூட்டிட்டீங்க மச்சான். நான் பார்த்தேன்."

"முந்தியெல்லாம் இப்படித்தானே பார்த்தேன் பார்த்தேன்னே? எத்தனை நாள் தொறந்து கிடந்துச்சோ, யாரு கண்டா!" என்று பூட்டை இழுத்துக்கொண்டே சொன்னார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவர் வீட்டுக்கே வரவில்லை. பூட்டின கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அஞ்சடியிலேயே கிடந்தார். கனகம் சிரித்துப் பார்த்தாள், டாக்டர் வந்து பேசிப் பார்த்தார், ஒன்றும் செல்லுபடியாகவில்லை. சோறு கொண்டுபோன பஷீரா அவர் விரல்களைப் பார்த்தாள். இழுத்து இழுத்துத் தோல் கிழிந்து ரத்தம் கட்டியிருந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை.

"மச்சான், அன்னிக்கு நீங்க பூட்டினீங்க. நான்தான் வந்து தொறந்து விட்டேன்."

கன்னத்தில் அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். தலாக் சொல்லிவிடுவார் என்றுகூட நினைத்தாள். தூணோரம் கனகத்தின் கை தட்டின் மேலேயே நின்றுவிட்டது.

"அப்ப... நான் பூட்டித்தான் இருந்தேனா?"

"பூட்டித்தான் இருந்தீங்க."

ஷரீஃபுதீன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்! என் கை பூட்டியிருக்கு!" என்று எழுந்தார். அழுகையும் சிரிப்புமாகக் கனகத்தின் பக்கம் ஓடி, "கேட்டியா கனகம், நான் பூட்டியிருக்கேன்!" என்று மலாயில் கத்தினார். அங்கிருந்து டாக்டரிடம் சொல்ல டவுன் பக்கம் நடையைக் கட்டினார். சோற்றுப் பாத்திரத்தோடு பஷீரா அங்கேயே நின்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு முழுசாகக் குணமாகிவிட்டது. ஒருமுறை பூட்டுவார், வீட்டுக்கு வருவார். ஏன் திறந்தாய் என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகு எத்தனையோ வருஷம் கழித்தும் கேட்கவில்லை. பதிலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு பஷீரா தினமும் சோறு போட்டாள். அவர் கையைக் கழுவிவிட்டு உட்காருவார், ஒரு வாய் போடுவார், "இன்னிக்கு மீன் நல்லா இருக்கு, பஷீரா" என்பார்.