துறைத்தலைவர் பெயரில் ஓர் இறால்

ஓர் இறாலின் இடது கால் என் உள்ளங்கையில் கிடந்தது. இடது கால் இல்லாத ஓர் இறால் தட்டில் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே, ஆராய்ச்சி மாணவன் என்ற பட்டத்தோடு நான் வியர்த்துக்கொண்டு நின்றேன். நன்னீர் இறால் இன்ன இனம் என்று சொல்ல இரண்டு சாட்சிகள் வேண்டும். நெற்றியில் வாள்போல நீளும் முள்ளில் மேலும் கீழும் எத்தனை பற்கள் என்பது ஒன்று. இடுக்கியோடு நீண்டிருக்கும் இரண்டாம் ஜோடிக் கால்களின் அளவு இன்னொன்று. ஸ்பிரிட்டில் ஊறிய இறாலுக்கு அந்தக் கால் தொட்டாலே கழன்றுவிடும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு பாட்டிலைத்தான் திறக்க வேண்டும். நானோ சீக்கிரம் வீட்டுக்குப் போகும் ஆசையில், தொண்டாமுத்தூர்ப் பக்கம் நொய்யலில் பிடித்ததையும் பவானியில் பிடித்ததையும் ஒரே தட்டில் கொட்டியிருந்தேன். இப்போது தட்டில் இன்னும் இரண்டு அநாதைக் கால்கள். எது யாருடையது என்று அந்த ஆண்டவனுக்கே குழப்பம் வந்திருக்கும்.

மறுநாள் காலை, என் வழிகாட்டியுமான துறைத்தலைவர் பார்வையிட வருகிறார். என் ஆய்வேடு அவருடைய கையெழுத்துக்காக அவர் மேசையில் காத்திருந்தது. உடைந்த இறாலை அவரிடம் காட்டுவதற்குப் பதில் நானே ஸ்பிரிட் பாட்டிலுக்குள் இறங்கிவிடலாம். பசையைப் பிதுக்கி, அளவாகத் தெரிந்த ஒரு காலை ஒட்டினேன். லேப் அட்டெண்டர் பாய் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க சார், இறாலுக்கு மாவுக்கட்டா? ஒரு எக்ஸ்ரே எடுத்துப்போட்டு ஒட்டுங்க.”

துறைத்தலைவர் இறாலுக்காக ஆற்றில் இறங்கி நான் பார்த்ததில்லை. நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் வலை போடும்போது, கரையில் ஜீப் நிழலில் நின்று மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொள்வார். பேண்ட்டைச் சுருட்டினால் பதவி நனைந்துவிடும். ஆனால் பெயர் எழுத இடம் கிடைத்தால் விடமாட்டார். துறைக்கு அவர் கொடுத்த ஒற்றை மின்விசிறியில் மூன்று இறக்கைகளிலும் அவர் பெயர். சுற்றும்போது படிக்க முடியவில்லை என்பதற்காக, விருந்தினர் வந்தால் விசிறியை நிறுத்தச் சொல்வார்.

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. நான் பசைக் குழாயைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன். நிமிர்ந்தபோது அவர் கண்கள் பளபளத்தன. “வலது கால் ஒரு மாதிரி, இடது கால் ஒரு மாதிரி. நம்ம ஆறுகள்ல இப்படி ஒண்ணு கிடையாதுங்க தம்பி. புது இனம்!” பவானிக் காலை நொய்யல் இறாலுக்கு ஒட்டியிருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கதவோரம் நின்ற பாய் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

புது இனத்துக்குத் தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது இந்தத் துறையில் அநாகரிகம். வேறொருவர்தான் மரியாதைக்காகச் சூட்டவேண்டும். அந்த வேறொருவர் நான். “நானே எம்பட பேரை வெச்சுக்கிட்டா நல்லா இருக்குமுங்களா? புது இனம்னு கட்டுரையை நீங்க எழுதி, பேரையும் நீங்களே வெச்சுப்போடுங்க. உங்க கையெழுத்து இதுல விழுந்தா, எங்கையெழுத்து அதுல விழுந்துரும்,” என்று என் ஆய்வேட்டைக் கண்ணால் காட்டினார்.

அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. நேர்மை உறுத்தியது என்று எழுத ஆசைதான். உறுத்தியது வேறு. புது இனத்தின் மூல மாதிரியை மியூசியத்தில் வைப்பார்கள். எந்த நாட்டிலிருந்தும் யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இடுக்கியால் தொட, கால் கழன்று விழ, பசை நூல்போல நீள, உலகம் முழுக்க என் பெயர் நாறுவதை நினைத்தே காய்ச்சல் வந்துவிட்டது. பயந்தாங்கொள்ளித்தனம் முற்றிப்போனால் வீரம்போலத் தெரியும்.

மறுநாள் இறால் தட்டோடு அவர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “பசை வெளிய தெரியுதுங்களா?” என்று கேட்டார்.

அந்த மனிதர்மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் அங்கேயே கரைந்தது. பசையைக் கரைக்க அசிட்டோன் தேவைப்பட்டது. லேபிலிருந்து கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே தட்டில் ஊற்றினேன். கால் தனியே மிதந்தது. “காலு போனா என்னங்க, நேத்தே எடுத்த போட்டோ இருக்குதல்ல?” என்றார். நான் எழுதித் தரவில்லை. ஆய்வேடு திரும்பிவந்தது, ‘பற்களை மீண்டும் எண்ணவும்’ என்ற குறிப்போடு. மூன்று வருடம் எண்ணினேன். பிறகு வேறு வழிகாட்டியிடம் போய், முதலிலிருந்து தொடங்கி, முன்மண்டை வழுக்கையான பிறகு டாக்டர் ஆனேன்.

போன மாதம் பல்லடத்தில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். நான் நரைத்திருந்தேன், அவர் சாயம் பூசியிருந்தார். என் தோளைப் பிடித்து இழுத்துச் சம்பந்தி வீட்டார்முன் நிறுத்தினார். “இந்தத் தம்பிதானுங்க எம்பேர்ல இறாலுக்குப் பேர் வெச்சவரு!” அப்படியோர் இறால் எந்தப் பட்டியலிலும் இல்லை என்று சொல்ல இதைவிட நல்ல சபை கிடைக்காது. அவர் கையெழுத்து எனக்கு இனி எதற்கும் தேவையில்லை. வாயைத் திறந்தேன்.

“ஆமாங்கய்யா.”

ஒரு பெரியவர் ஆவலாகக் கேட்டார், “எந்த ஆத்துலீங்க புடிச்சீங்க?”

“நொய்யல்லீங்க,” என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.