செருப்பு ஷீட்டில் வெட்டிய அம்மன்

லினோ என்று ஒரு தகடு உண்டு. அச்சுப்படம் செய்கிறவர்கள் அதில்தான் உருவத்தை வெட்டுவார்கள். வீடியோக்களில் பார்த்தால் கத்தி அதில் வெண்ணெயில் போவது மாதிரி போகும். கோயம்புத்தூரில் அதைத் தேடி அலுத்துப்போனேன். ஒரு ஸ்டேஷனரிக் கடைக்காரர், "அது எந்தக் கம்பெனி பேனாவுங்க?" என்று கேட்டார். வெளியூரிலிருந்து வரவழைக்கலாம்தான். பழகுகிற கைக்கு அவ்வளவு விலை எதற்கு என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் உக்கடம் பக்கம், செருப்புத் தைக்கிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை ஒன்றில், அடியில் ஒட்டுகிற ரப்பர் ஷீட்டைப் பார்த்தேன். நகத்தால் கீறினேன், விட்டுக்கொடுத்தது. ஒரு துண்டு வாங்கிவந்து வெட்டி, மை தடவி, மேலே காகிதத்தை வைத்துக் குழம்புக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தேன். ஒரு தென்னங்கீற்று அப்படியே வந்திருந்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

நான் கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். படம் யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. முதலில் காகிதம் வெட்டினேன். மயில், மாட்டுவண்டி, ஜன்னலில் உட்கார்ந்த பூனை. அதற்குப் பிறகுதான் அச்சு. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போகும்போது ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுபோவேன். "சூப்பருங்க" என்பார்கள். அடுத்த முறை போனால் அது பீரோவுக்குப் பின்னாலோ, ஷூ ஸ்டாண்டுக்கு மேலேயோ இருக்கும். எனக்குக் கோபம் வரும், காட்டிக்கொள்ள மாட்டேன். ஓய்வு பெற்ற பொம்பளைக்கு ஏதோ பொழுதுபோகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் ஏறக்குறைய அப்படியே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

நங்கையா மட்டும்தான் விலக்கு. நங்கையா என்றால் அண்ணி. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்கு நடுவில் அண்ணன் வீடு. ஒருநாள் கோயம்புத்தூருக்கு வந்தவர் என் மேஜையில் காய்ந்துகொண்டிருந்த ஓர் அச்சுப்படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

அது என் பிறந்த வீட்டுக் குலதெய்வம். எங்கள் அம்மனுக்கு முகம் கிடையாது. மஞ்சள் பூசிய கல், அதில் பதித்த இரண்டு வெள்ளிக் கண்கள், அவ்வளவுதான். கருவறையைப் படம் எடுக்க விடமாட்டார்கள். மற்ற சாமிகளெல்லாம் காலண்டரில் வருவார்கள். எங்கள் அம்மன் எந்தக் காலண்டரிலும் வந்ததில்லை. வருஷத்துக்கு ஒரு முறை பொங்கல் வைக்கப் போகும்போது பார்த்ததோடு சரி. நான் சும்மா நினைவிலிருந்து அந்தக் கல்லையும் கண்களையும் பின்னால் நட்டிருக்கும் வேல்கம்பையும் வெட்டிப் பார்த்திருந்தேன்.

"ஏனுங்க அம்மணி, இது நம்ம ஆத்தாளுங்களே!" என்றார் நங்கையா. தொடவில்லை, கையைக் காகிதத்துக்கு மேலே சற்று உயரத்தில் வைத்திருந்தார். "ஊட்டுல ஒரு படமில்லீன்னு எத்தன வருசமாக் கொறையா இருந்துதுங்க. இத நாங் கொண்டு போயிக்கட்டுங்களா?"

என் படத்தை ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை. எந்தக் கத்தியால் வெட்டினேன், எதில் வெட்டினேன் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். அது அங்கேயே முடிந்திருக்கும்.

படம் பூஜையறைக்குப் போனது. கண்ணாடி மேல் தினமும் குங்குமம் ஏறியது, அரளிப்பூ ஏறியது. அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் மோட்டார் ரூம் படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு, நினைவில்லாமல் கிடந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நங்கையா ஒரு ஜவுளிக்கடைப் பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். மாற்றுப் புடவை என்று நினைத்தேன். உள்ளே என் படம் இருந்தது. டாக்டர் வெளியே வரும்போதெல்லாம் அவர் கை பைக்குள் போகும். அண்ணன் கண் விழித்த அன்று நங்கையா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க செஞ்சு குடுத்த ஆத்தாதானுங்க அம்மணி எங்களக் கரையேத்துனா."

எனக்குச் சாமி நம்பிக்கை அதிகம் கிடையாது. ஆனாலும் அன்று பஸ்ஸில் வரும்போது அழுதேன். என் கை செய்த ஒரு பொருள் ஒருவருக்கு இவ்வளவு வேண்டியதாக இருக்கிறதே என்ற நினைப்புதான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. அத்தோடு நான் இருந்திருக்கலாம்.

என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது நான் வெட்டுவதை வீடியோ எடுத்தாள். அவளுக்கு என்மேல் பெருமை. ரப்பர் ஷீட், கத்தி, கரண்டி எல்லாம் தெரிகிற மாதிரி அழகாகத்தான் எடுத்திருந்தாள். 'செருப்பு ஷீட்டில் சிற்பம் செய்யும் என் அம்மா' என்று தலைப்புப் போட்டு, எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். கைதட்டல்களாக வந்து குவிந்தன. வாழ்நாளில் எனக்கு அவ்வளவு பாராட்டுக் கிடைத்ததில்லை. தரையில் கால் பாவாமல் இருந்தேன்.

தூரத்துப் பங்காளி ஒருவர் கேட்டிருந்தார்: 'நம்ம அம்மனையும் இதுலதான் வெட்டுனீங்களா?'

'ஆமாங்க, இதே ஷீட்தான்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்பு பொம்மையும் போட்டேன். அதற்குப் பிறகு குழுவில் யாரும் எதுவும் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாரோ பெட்ரோல் விலை பற்றி ஒரு செய்தியை அனுப்பினார்கள்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கிணத்துக்கடவு போனேன். எப்போதும் போல அரிசியும்பருப்புச் சோறு, நெய், அப்பளம். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க அம்மணி, எளச்சுப் போயிட்டீங்க" என்ற அதே உபசாரம். கை கழுவப் போகும் வழியில் பூஜையறையைப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. ஆணிக்குக் கீழே, படம் இருந்த அளவுக்குச் சுவர் வெளுப்பாகத் தெரிந்தது.

நான் பார்ப்பதை நங்கையா பார்த்துவிட்டார். "சட்டம் உளுந்து கண்ணாடி ஒடஞ்சுபோச்சுங்க. மாத்தோணும்னு எடுத்து வெச்சிருக்கறனுங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எங்கள் ஊர் மரியாதை அப்படி. அடுத்தவர் மனம் நோகும் என்றால் வாய் தானாகவே ஒரு பொய்யைத் தேடி எடுத்துக்கொள்ளும். நானும், "பரவால்லீங்க, மெதுவா மாத்திக்கலாம்" என்றேன்.

பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் பிள்ளையார் கோயில் அரசமரம் இருக்கிறது. பழைய சாமி படங்களைக் குப்பையில் போட மனம் வராதவர்கள் அந்த மரத்தடியில்தான் கொண்டுவந்து சாய்த்துவைப்பார்கள். மங்கிப்போன லட்சுமி, மூலை கிழிந்த முருகன், போன வருஷத்துக் காலண்டர்கள். அவற்றுக்கு நடுவில் என் அம்மன் இருந்தாள். கண்ணாடி உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு கண்களுக்கும் நடுவில் குங்குமம் அப்படியே இருந்தது.

நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துக்கொண்டு போகவும் கை வரவில்லை, விட்டுவிட்டுப் போகவும் கால் வரவில்லை. பஸ் வந்ததால் போனேன்.

வீட்டுக்கு வந்ததும் துக்கம் கோபமாகிவிட்டது. படித்தவளுக்கு வருகிற கோபம். போனைப் போட்டேன்.

"அது புது ஷீட்டுங்க நங்கையா. கடையிலிருந்து நேரா என் மேஜைக்கு வந்தது. ஒருத்தர் காலும் அதுல படலீங்க."

"தெரியுதுங்க அம்மணி."

"அந்தக் கடைக்காரரே ஷீட் அடுக்குக்கு மேலதான் சாமி படம் மாட்டியிருக்கிறாரு. தெனமும் பூப் போடறாரு."

"அவிகளுக்கு அது தொழிலுங்க. தொழில் சாமிக்குச் சமம்" என்றார் நங்கையா பொறுமையாக. பிறகு குரல் இறங்கிவிட்டது. "நானென்ன பண்ணட்டும் அம்மணி? கும்புடறதுக்குக் கையத் தூக்குனா அந்த வீடியோவுல வந்த செருப்பு ஷீட்டுத்தான் கண்ணு முன்னால நிக்குது. தப்புன்னும் தெரியுது. மனசு கேக்க மாட்டீங்குது."

போனை வைத்துவிட்டேன். அவர் சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன்.

பதில் சொல்வதற்குப் பதிலாக, அதே அம்மனை மரத்தில் வெட்டினேன். தெரிந்த ஆசாரியிடம் இழைத்த தேக்குப் பலகை வாங்கிவந்து, மாதக்கணக்கில் உட்கார்ந்தேன். ரப்பர் மாதிரி மரம் சொன்னபடி கேட்காது, விரலெல்லாம் காயம். வேலை என்று பார்த்தால் முன்னதைவிட நூறு மடங்கு சுத்தம். கண்களின் வளைவு கச்சிதமாக வந்திருந்தது. நல்ல சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அரசமரத்தடியில் பழைய படத்தைக் காணவில்லை. யாரோ கூட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள்.

நங்கையா புதுப் படத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். கண் கலங்கியது. அதை ஹாலில், டி.வி.க்கு மேலே மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். "எங்க அம்மணி செஞ்சதுங்க. மரத்துல வெட்டுனது." அந்த இரண்டாவது வாக்கியத்தை ஒருபோதும் விடமாட்டார். எனக்காகத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை போகும்போதும் அந்தக் கண்ணாடியைப் பார்ப்பேன். துடைத்துப் பளபளவென்று இருக்கும். ஒரு பொட்டுக் குங்குமம் இருக்காது. பூஜையறை ஆணி இன்னும் சும்மாதான் இருக்கிறது.

போன வாரம் மேஜையை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடுக்கிவைத்திருந்த பழைய ரப்பர் அச்சுகள் சரிந்து தரையில் விழுந்தன. எட்டி ஒன்றைத் தடுக்கப் போனபோது இன்னொன்றின் மேல் என் பாதம் முழுசாகப் பதிந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். வெட்டி எடுத்த இரண்டு கண்கள், காய்ந்த மையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பதறிப்போய்க் காலை எடுத்தேன். என் கை தானாகக் கீழே போய் அதைத் தொட்டு, கண்களில் ஒற்றிக்கொண்டது. நான் யோசித்துச் செய்ததில்லை. தொட்டு ஒற்றி முடித்த பிறகுதான், கையில் இருப்பது செருப்பு ஷீட் என்பது நினைவுக்கு வந்தது. இப்படி ஒரு பதற்றத்தோடுதானே அந்த மனுஷி படத்தை மரத்தடிவரை தூக்கிக்கொண்டு நடந்திருப்பார்! அவரிடம் நான் கடைக்காரரின் சாமி படத்தைக் காட்டி வாதாடினேன். என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

உடனே போனை எடுத்தேன்.

"சொல்லுங்க அம்மணி. சாப்புட்டாச்சுங்களா?"

அவர் மனசு எனக்கு இப்போது புரிகிறது என்று சொல்லத்தான் நினைத்தேன். சொன்னால், அந்த அச்சில் இப்போது நிஜமாகவே ஒரு கால் பட்டுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நங்கையா மடியில் வைத்துக் கும்பிட்டது அந்த அச்சிலிருந்து எடுத்த படத்தைத்தான்.

"சாப்புட்டனுங்க நங்கையா" என்றேன். "நீங்க?"