அக்கா திருத்த மறுத்த விடை

எங்கள் அக்கா காலமாகி ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று உறவினர்கள் சொல்லி அனுப்பினார்கள். அக்காவிடம் இருந்தது எல்லாம் நல்லதுதான். மற்றவர்களிடம் இருந்ததையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரிவலம்வந்தநல்லூரில் தாசில்தார் அலுவலக எழுத்தர் ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். அம்மா முன்பே இல்லை. அப்பாவும் தவறியபோது அக்கா அப்போதுதான் கல்லூரியை முடித்திருந்தார். சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். வந்த வரன்களை எல்லாம், தம்பி ஒரு நிலைக்கு வரட்டும் என்று தட்டிக்கழித்தார். நான் நிலைக்கு வந்தபோது வரன்கள் வருவது நின்றிருந்தது.

இலக்கணம் என்றால் அக்காவுக்கு உயிர். ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையும், அதே உருவில் வரும் பெயரடையும் பிள்ளைகளைப் படுத்தி எடுக்கும். அக்கா வகுப்பில் இப்படித்தான் சொல்வார்: "வாட்ச்மேன் கடையப் பூட்டுதது வேற, கடை பூட்டிக் கெடக்கது வேற. இங்கிலீசுல ரெண்டுக்கும் ஒரே குளோஸ்டுதான். காரியம் நடக்குதா, இல்ல இருக்க நெலமையச் சொல்லுதான்னு பாருங்க."

ஓர் அரையாண்டுத் தேர்வில் 'தி ஷாப் இஸ் குளோஸ்டு டுடே' என்ற வாக்கியம் வந்தது. கைடில் அதைச் செயப்பாட்டு வினை என்று போட்டிருந்தார்கள். இன்று கடை திறந்திருக்கவில்லை என்ற நிலைமையைத்தானே அது சொல்கிறது? அக்காவின் பிள்ளைகள் பெயரடை என்றே எழுதினார்கள். திருத்திய வேறோர் ஆசிரியர் கைடைப் பார்த்துத் தவறு போட்டார். அதில் முதல் ரேங்கைத் தவறவிட்ட பையனின் அப்பா பெற்றோர் கூட்டத்தில் குதி குதியென்று குதித்தார். அவர் வேறு யாருமல்ல, எங்கள் அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் மாமா.

காலை பிரேயரில் எல்லோர் முன்னும் நின்று, தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று அக்கா சொல்ல வேண்டும் என்றது நிர்வாகம். மாமா வீட்டுக்கே வந்தார்.

"ஊரே கைடப் பாத்து எழுதுது. ஒனக்கு மட்டும் என்னட்டி வந்தது?"

"பிள்ளைங்க எழுதுனது சரி மாமா. என் வேலைக்காக அதத் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

வேலை போயிற்று. தப்பாகச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் என்று பட்டம் கட்டிவிட்டதால் டியூஷனுக்கும் யாரும் வரவில்லை. வேறு பள்ளிகளும் கூப்பிடவில்லை. பாடம் நடத்தாமல் இருந்த அந்த வருடங்கள்தான் அக்காவைத் தின்றன. சிறுநீரகம் கெட்டது அதற்குப் பிறகுதான். கடைசி நாட்களில், வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலத் தேர்வு எழுதவிருந்த கடையநல்லூர் நர்ஸ் ஒருவருக்குப் படுக்கையில் இருந்தபடியே இலக்கணம் சொல்லிக்கொடுத்தார். அப்போது மட்டும் அவர் முகம் பழைய முகமாக இருந்தது.

அக்காவைத் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட அந்த நர்ஸுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும் எங்கள் நன்றி. இறுதிச் சடங்கன்று தெருமுனையில் 'எங்கள் நல்லாசிரியை' என்று ஃபிளெக்ஸ் வைத்த பள்ளிக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் மாமா போன் செய்தார். உடம்புக்கு முடியாமல் தானாகவே வேலையை விட்டாள் என்று எழுதிவிடச் சொன்னார். மாமா, அன்று அக்காவிடம் கேட்டதையே இன்று என்னிடம் கேட்கிறீர்கள். நான் அவருடைய தம்பி. இந்த மலரின் முதல் பிரதியை உங்கள் வீட்டுக்கு நானே கொண்டுவந்து தருகிறேன்.