ஈ நக்கிய ரத்தம்

சென்ற வாரம் மூன்று நாள் விடாத காய்ச்சல். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள லேபில் விரலை நீட்டினேன். அங்கிருந்த பெண் ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன வெள்ளை அட்டையில் விட்டாள். நான் பேப்பரில் ராசிபலன் படித்து முடிப்பதற்குள் வந்துவிட்டாள்.

"மலேரியா இல்ல சார். ஒண்ணுமில்ல."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த 'ஒண்ணுமில்ல'வை நானும் ஒருமுறை ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

இருபத்து நான்கு வயதில் ராயகிரிப் பக்கம் மலேரியாக்காரனாக இருந்தேன். வேலைக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊரில் யாரும் அதைச் சொன்னதில்லை. "சோறு திங்கல? அந்தா ஊசிக்காரன் வாரான்" என்று பிள்ளைகளை மிரட்டத்தான் நான் பயன்பட்டேன். காய்ச்சல்காரர்களின் மோதிர விரலில் குத்தி, கண்ணாடி ஸ்லைடில் ஒரு வட்டம், பக்கத்தில் நாக்கு மாதிரி ஒரு தீற்றல். காய்ந்ததும் அந்த ரத்தத்தின் மேலேயே பென்சிலால் எண் எழுதவேண்டும். பிற்பாடு கதை என்று நான் எழுதிய எதையும்விட அதற்கு ரசிகர்கள் அதிகம்: ஈக்கள். மூடி போட்ட பெட்டியில் வைக்காவிட்டால் நக்கித் தீர்த்துவிடும்.

அந்த ஆடியில் சுடலைமுத்து வடகிழக்கு எல்லைக் காட்டிலிருந்து பட்டாள லீவில் வந்திருந்தான். நான் போனபோது முற்றத்தில் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தான்.

"காய்ச்சல் எப்படிவே வருது?"

"ஒருநா விட்டு ஒருநா, அண்ணாச்சி. இன்னைக்கு அதுக்கும் லீவு."

"நேத்து இவரு நடுங்குன நடுக்கத்துல கட்டிலே நவுந்துட்டு," என்றாள் அவன் மனைவி பேச்சி. "இன்னைக்கு எந்திரிச்சு, குத்தாலத்துக்கு மறுவாரம் போவோங்காரு."

முறைக்காய்ச்சல் என்பார்கள் எங்கள் பக்கம். முறை வைத்து வருவது முறையாகவே போய்விடும் என்று அந்தச் சொல்லிலேயே ஒரு தைரியம் இருக்கிறது. மலேரியாவில் ஒரு வகை ஈரலில் பதுங்கி, மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வரும். பெரும்பாலும் ஆளை விட்டுவிடும். இன்னொன்று மூளைக்கு ஏறும். அந்தக் காட்டுப் பக்கத்தில் அது குளோரோகுயின் மாத்திரைக்கும் கட்டுப்படுவதில்லை. இரண்டுமே முறை வைத்து வரலாம். பிரித்துச் சொல்ல மைக்ரோஸ்கோப்பால்தான் முடியும். இதெல்லாம் படித்தவன்தான் நான். அதே மாத்திரையில் வழக்கமான நாலைக் கொடுத்து, ரத்தம் எடுத்து வந்து, ஸ்லைடைத் தட்டில் ஜன்னலோரம் காயவைத்து எண் எழுதினேன். பெட்டியில் வைப்பதுதான் பாக்கி.

அப்போதுதான் கூட வேலை பார்த்தவன் பைக்கோடு வந்தான். "ஏலே, ஐந்தருவியில தண்ணி கொட்டுதாம்." போய்விட்டேன். எண்ணெய் தேய்த்து, தலை மரத்துப்போகும்வரை நின்றேன். நல்ல தண்ணீர்.

மறுநாள் காலை தட்டில் ஸ்லைடு பளபளவென்று இருந்தது. வட்டம் இல்லை, நாக்கு இல்லை, எண்ணும் இல்லை. உடனே போய் மறுபடி குத்தியிருக்க வேண்டும். முறைக்காய்ச்சல்தானே, அடுத்த வாரம் அந்தத் தெருவுக்குப் போகத்தானே போகிறோம் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் அவனுக்கு நினைவு தப்பியது. வேனில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பவில்லை.

துக்கத்துக்குப் போனேன். பேச்சி என்னைப் பார்த்ததும் கேட்டாள். "அன்னைக்கு எடுத்தியளே, ரத்தத்துல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

பொய் என்று சொல்லமுடியாது. அதில் ஒன்றும் இல்லைதான்.

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பம் அருவித் தண்ணிதான் அண்ணாச்சி. மறுவாரம் போவலாம்னு அவரு சொன்னாரு. நாந்தான் இன்னைக்கே போவோம்னு கூட்டிட்டுப் போனேன்."

அவர்களும் அன்று குற்றாலத்தில்தான் இருந்திருக்கிறார்கள். 'தண்ணீரால் இந்தக் காய்ச்சல் வராது; கொசுவால் வருவது' என்று சொல்லிக்கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம். வாயைத் திறக்கவில்லை.

கொசு மருந்தடித்த தேதியை வீட்டுச் சுவர்களில் எழுதிப்போகும் வழக்கம் இப்போது இல்லை. ஸ்லைடுப் பெட்டியையும் பார்க்க முடிவதில்லை. முறைக்காய்ச்சல் என்ற சொல்லே என் பிள்ளைகளுக்குத் தெரியாது. லேப் பெண் என் அட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். ஈ அதைத் தின்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

பேச்சி இன்னும் ராயகிரிப் பக்கம்தான் இருக்கிறாள். இத்தனை வருடமாக அருவிப் பக்கமே போவதில்லை என்று கேள்வி. லேபிலிருந்து வெளியே வந்தபோது எதிரே ராயகிரி வழியாகப் போகும் பஸ் நின்றிருந்தது. உட்கார இடம்கூட இருந்தது. அது கிளம்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.