ஐந்து காம்பராவும் ஒரே புருசும்

வட்டவளைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்கு வெள்ளையடிக்கும் பழனியாண்டியின் மகள் சண்முகவடிவு, 2009இல் ஹட்டனில் ஒரு கணினிக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தாள். தோட்டத்து ஆபீசுகளின் கோப்புகளுக்குத் தன் பெரிய கணினியில் வாடகைக்கு இடம் விடுவதுதான் அந்தக் கம்பனியின் பிழைப்பு. ஒரு தோட்டம் விலகினால், அதன் இடத்தை அழித்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குக் கொடுப்பார்கள்.

அவள் சேர்ந்து ஆறு மாதம் முடியும் நாள் அது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் முதலாளி லக்ஸ்மனின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். பொறுமை மட்டும் எந்தக் கடையிலாவது விற்றால் அவருக்கு ஒரு மூட்டை வாங்கிக் கொடுக்கலாம்.

"பிள்ளை, நாலு மணிக்குப் பொகவந்தலாவைத் தோட்டக்காரர் வருவினம். அதுக்குள்ள அந்தப் பழைய இடம் அழிஞ்சிருக்கோணும். இல்லையெண்டா இந்தக் கடிதம் கிழிபடும்."

காலை எட்டு மணிக்கே கட்டளை கொடுத்துவிட்டாள். மூன்று மணி நேர வேலை. பன்னிரண்டரை ஆகியும் கால்வாசிகூட அழியவில்லை.

"அழிக்கிறதுக்கு என்ன இவ்வளவு நேரம்? ஒண்டொண்டாச் செய்தா இப்பிடித்தான். எல்லாத்தையும் ஒரேயடியா முடிக்கோணும்!" என்றார் லக்ஸ்மன், எட்டாவது தடவையாக எட்டிப் பார்த்து.

பெயரைத் தூக்கினால் மட்டும் போதாது. பழையவர் கோப்பு புதியவர் கண்ணில் படாதபடி இடம் முழுக்கக் கணினி பூச்சியம் எழுத வேண்டும். காலியான லயத்துக் காம்பராவுக்கு வெள்ளையடித்த பிறகே அடுத்த குடும்பத்தை விடுவார்களே, அதே கதைதான். ஒரு வருடம் தைப்பொங்கலுக்குள் தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஐந்து காம்பராவையும் சேர்த்து முடிக்கச் சொல்லி விரட்டினார். அப்பா ஒரே சுண்ணாம்புப் புருசோடு ஐந்துக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தார். பொங்கலுக்கு ஒன்றில்கூட ஆள் குடியேறவில்லை.

ஒரேயடியாகவா? சட்டென்று யார் எப்போது கட்டளை கொடுத்தார் என்ற பதிவைத் திறந்தாள். விலகிப்போன ஐந்து தோட்டங்களின் இடங்களும் ஒன்றாக அழிந்துகொண்டிருந்தன. நான்கை நிறுத்தினாள். மிச்சமிருந்த ஒன்று மூன்றரைக்கு முடிந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காரணத்தைக் கேட்ட லக்ஸ்மன் துள்ளினார். "எந்த மொக்கன் மற்ற நாலையும் அழிக்கச் சொல்லி அமத்தினவன்? பேரைச் சொல்லு, இண்டைக்கே வீட்டை அனுப்புறன்!"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். காலை எட்டு பத்து, லக்ஸ்மன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பெயர் மாறவில்லை.

"பிள்ளை, இந்த வரியையும் அழிக்கேலுமோ?"

"அழிக்கலாங்க சார். ஆனா மெதுவாத்தான் அழியும். அதுக்குள்ள நீங்க அந்தக் கடிதத்துல ஒரு கையெழுத்து போட்டுருங்க."