பிரின்சி மாற்றிய நோட்டீஸ்

இன்டர்ன்ஷிப் பிள்ளைகள் என்றாலே எனக்கு ஆகாது. இரண்டு மாதம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டுச் சான்றிதழுக்கு வந்து நிற்பார்கள். கள்ளக்குறிச்சியில் எங்கள் தொண்டு நிறுவனத்துக்குப் பிரின்சி வந்தபோதும், இன்னொன்று வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கச்சிராயபாளையத்துப் பெண். அப்பா அந்தோணிதாஸ் கரும்பு வெட்டப் போகிறவர்.

கல்வராயன் மலை ஊர்களில் நாங்கள் கண் முகாம் நடத்துகிறோம். நோட்டீஸ் எழுதுவது என் பொறுப்பு. பழையதில் தேதியை மட்டும் மாற்றி ஒட்டிவிட்டு வரச் சொன்னேன். அப்படியே செய்தாள். முகாமுக்கு வந்தவர்கள் நான்கே பேர். அடுத்த முறையும் இருபது பேர் தேறாவிட்டால் இனி மலைக்கு வண்டி வராது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

"சனங்களுக்கு அக்கறை இல்ல," என்றேன். பிரின்சி மறுநாள் என்னிடம் சொல்லாமலே பஸ் ஏறி மலைக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

சாயங்காலம் வந்து நின்றாள்.

"மேடம், முனியன்னு ஒருத்தரு. ரெண்டு கண்ணுலயும் புரை. நம்ம நோட்டீஸ படிச்சுக் காட்டினேன். 'அறுவை சிகிச்சை தேவைப்படுவோர் அன்றே அழைத்துச் செல்லப்படுவர்'னு இருக்குதுல்ல. அத்தக் கேட்டுட்டு, 'இட்டுக்கினு போறத எழுதிக்கீறீங்க, திரும்பக் கொணாந்து வுடறத எழுதலியே, அதுவரிக்கும் மாட்ட யாரு பாக்கறது'ன்னாரு. எல்லா வூட்லயும் இதாங்க மேடம் கேட்டாங்க."

அந்த வரி நான் எழுதியது. ஆறு வருடமாக எல்லா நோட்டீஸிலும் இருக்கிறது. மூன்றாம் நாள் வீட்டில் கொண்டுபோய் விடுவது எங்களுக்குத் தெரிந்த விஷயம், அதனால் எழுதத் தோன்றவே இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல், "நீயே எழுது," என்றேன்.

எழுதினாள். 'புதன்கிழமை கூட்டிப் போகிறவர்களை வெள்ளி சாயங்காலம் எங்கள் வண்டியிலேயே வீட்டில் கொண்டுவந்து விடுவோம். துணைக்கு ஒருவர் வரலாம். மாட்டுக்கு மட்டும் ஆள் சொல்லிவிட்டு வாருங்கள்.' கீழே தன் பெயரும் போன் நம்பரும். நோட்டீஸில் மாடெல்லாம் எதற்கு என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நாற்பத்தொரு பேர் வந்தார்கள், முனியனும்தான். வெள்ளிக்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு தன் ஊரில் வண்டியைவிட்டு இறங்கியவர் என் பக்கம் திரும்பினார்.

"சொன்னாப்புலயே வுட்டுட்டீங்க. மொதல்லியே இத்த எழுதியிருந்தா நாலு வருசம் முன்னாடியே வந்திருப்பேங்க."

அந்த நாலு வருடம் என் கணக்கில்தான் சேரும். பிரின்சி மட்டும் வராதிருந்தால் அது ஐந்தாகி, பத்தாகியிருக்கும். கல்லூரிப் படிவத்தில் 'மாணவி பெற்ற பயன்' என்ற கட்டத்தில், 'படிக்கப் போகிறவர்களைக் கேட்டு எழுதக் கற்றுக்கொண்டாள்' என்று நிரப்பினேன். நான் பெற்றதை எழுத அதில் கட்டம் இல்லை.

போன மாதம் போன் செய்தாள். சங்கராபுரத்தில் விவசாயிகள் கம்பெனி ஒன்றில், தகவல் எழுதும் வேலை கிடைத்துவிட்டதாம். நேர்காணலில் இரண்டு நோட்டீஸையும் மேசைமேல் வைத்தாளாம்.

"பழசு யாரு எழுதுனதுன்னு கேட்டிருப்பாங்களே," என்றேன்.

"கேட்டாங்க மேடம். நான் ஒட்டுனதுதான் சார்னு சொன்னேன்."